ஓய்வெடுத்தால் முதுகுவலி கூடுமா?

ஓவர்லாக் தம்பி:
வயது 28. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். இரண்டு வருடமாக அடிமுதுகு வலி. எந்நேரமும் மெஷின்ல குனிஞ்சிருந்தா வலிக்காதா என்கிறார்கள் வீட்டில். ஆனால் வேலை நாளில் மதியத்துக்குள் வலி பாதியாகிவிடுகிறது. ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தால்தான் திங்கள் காலை எழவே முடிவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு வலியே எழுப்பிவிடும். வாளியில் ஒரு சொம்பு தண்ணீர் மொள்ளக் குனிய வேண்டுமென்றால் எழுந்து ஒரு மணி நேரம் ஆகவேண்டும். எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் (அடிமுதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை மாதிரியான தட்டு) லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். பெல்ட் போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால்தானே கூடுகிறது?

பழைய பாய்:
மெத்தையை ஓரங்கட்டிட்டுக் கோரைப்பாயில் படுங்க தம்பி. எனக்கு அதில்தான் சரியாச்சு.

மூங்கில் முதுகு:
பாய் இருக்கட்டும். எனக்கும் நான்கு வருடம் டிஸ்க் என்றே மாத்திரை கொடுத்தார்கள். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் மூன்று பேருக்கு இந்தப் பிதுக்கம் தெரியும். டிஸ்க், தசைப்பிடிப்பு வலியெல்லாம் பெரும்பாலும் வேலை செய்தால் கூடும், படுத்தால் அடங்கும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதம் தாண்டி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பும் இருந்தால் அழற்சியால் வரும் வலியா என்று பார்த்தே ஆகவேண்டும். எனக்கு அது ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். இடுப்பெலும்போடு முதுகெலும்பு சேரும் மூட்டில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒட்டிக்கொண்டு மூங்கில் கழி மாதிரி ஆகிவிடும் (என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்). ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டு, வாத நோய் டாக்டர்) பாருங்கள். எச்எல்ஏ-பி27 (இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு) இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை எழுதக்கூடும். அது பாசிட்டிவ் என்பதாலேயே நோய் உறுதியாகாது, நெகட்டிவ் என்பதாலேயே இல்லை என்றும் ஆகாது. அப்புறம், எப்போதாவது கண் சிவந்து வலித்ததா?

பிசியோ அக்கா:
சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது உண்டா? நம் ஊரில் முதுகெலும்பு டிபியையும் மறக்கக்கூடாது. உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் திடீர்ச் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஓவர்லாக் தம்பி:
காய்ச்சலெல்லாம் இல்லைங்க அக்கா. ஆனால் போன தீபாவளிக்கு ஒரு கண் மட்டும் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். பூளையே தள்ளவில்லை, டியூப்லைட்டைப் பார்த்தால் கூசியது. அதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

மூங்கில் முதுகு:
இருக்கலாம் தம்பி. இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும், எனக்கு இரண்டு முறை வந்தது. டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மறுபடி சிவந்தால் கடை மருந்து வேண்டாம், அன்றே கண் டாக்டர்.