பரோட்டா தின்று ஸ்குவாட் போட்டவர், வெறும் வயிற்றில் டெட்லிஃப்ட் செய்தவர்: உங்களுக்கு என்ன ஆனது?

ஈசூன்காரன்:
போன ஞாயிறு நடந்தது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கோசோங் (வெறும் பரோட்டா) ரெண்டு, முட்டைப் பரோட்டா ஒன்று, மீன் குழம்பு. முக்கால் மணி நேரம் கழித்து ஜிம்மில் ஸ்குவாட், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. 90 கிலோ எனக்குப் புதிதல்ல. மூன்றாவது தடவை கீழே உட்கார்ந்தபோது பெல்ட் வயிற்றை இறுக்கியது, தொண்டை வரைக்கும் குழம்பின் புளிப்பு வந்துவிட்டது. எழ முடியவில்லை. கம்பியை ரேக்கில் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கிடந்தேன். டிரெட்மில்லில் இருந்த சீன ஆன்ட்டி இறங்கி வந்து, "பாய், ஓகே ஆ?" என்று கேட்டு டிஷ்யூ நீட்டினார். அந்த டிஷ்யூவைத்தான் மறக்க முடியவில்லை.

நைட் ஷிஃப்ட்:
எனக்கு நேர்மாறு. வேலை முடிந்து காலை ஏழு மணி, கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) மட்டும். முந்தின இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட ரெண்டு தோசைதான் கணக்கு. டெட்லிஃப்டில், தரையிலிருந்து கம்பியை ஐந்தாவது தடவை தூக்கியபோது கண் முன்னே எல்லாம் வெள்ளையாகிவிட்டது, காதில் ங்ங் என்று சத்தம். முழிப்பு வந்தபோது கன்னத்தில் ரப்பர் தரை. வெறும் வயிறு கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். நான் வலு ஏற்றத்தானே போனேன்!

அங்கிள்62:
தம்பிகளா, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பயிற்சி முடித்த 30 நிமிடத்துக்குள் புரோட்டீன் உள்ளே போகவில்லையென்றால் எல்லாம் வீண். ஒருநாள் புரோட்டீன் கலக்கும் ஷேக்கரை வீட்டில் மறந்துவிட்டேன். டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடினேன், 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 27ஆவது நிமிடத்தில் குடித்தேன். லிஃப்டில் நின்றபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தராவீஹுக்குப் பிறகு:
அங்கிள், மன்னிக்கணும், அது பழைய கணக்கு. 2013இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஷோன்ஃபெல்டும் மற்றவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாளின் மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்ததும், உடனே குடிப்பதன் பலன் காணாமல் போய்விட்டது. பயிற்சிக்குப் பிறகு தசை கட்டும் வேலை ஒரு நாள் அளவுக்குக்கூட ஓடும், அரை மணியில் கதவு மூடாது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் பக்கம் வந்தால் பெரும்பாலும் போதும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், பரோட்டாவை நம்பாதீர்கள். உங்கள் வயதில் ஒவ்வொரு வேளைக்கும் இளசுகளைவிடக் கூடுதலாகவே வேண்டும், அதனால் காலையில் காயா (தேங்காய் ஜாம்) ரொட்டியோடு நிறுத்தாதீர்கள். ஈசூன்காரரே, வயிறு நிறையச் சாப்பிட்டால் ரெண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். நைட் ஷிஃப்டுக்கு ஒரு வாழைப்பழம், அரை மணி முன்னால்.

என் கதை சின்னது. நோன்பு மாதம் முழுக்க இரவு பத்தரைக்குத்தான் தூக்கினேன். பெஞ்சில் படுத்துத் தூக்கும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

நைட் ஷிஃப்ட்:
நான் கேட்டேனா? வாழைப்பழம் எனக்கு ஆகாது.

அங்கிள்62:
அப்போ என் 18 வெள்ளி?