உலகச் செய்தியும் அன்றாட வாழ்வும்: கூடிக் கேட்பதற்கு ஏற்ற பன்னாட்டு வானொலி, பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் எவை?

கேள்வி: வாசகர் வட்டம், மணப்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் வாசகர் வட்டத்தில், இனி வாரம் ஒரு மணி நேரத்தைப் பன்னாட்டு வானொலி நிகழ்ச்சிகளைச் சேர்ந்து கேட்பதற்கென ஒதுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடைவீதியில் வணிகம் செய்பவர்கள், வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கும் பெண்கள். உலகச் செய்தி எங்களுக்குக் கிடைக்காமல் இல்லை. சூடான், உக்ரைன், காஸா என்ற பெயர்கள் கைப்பேசியில் நாள் முழுவதும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால், கார்ட்டூமில் ஒரு குடும்பம் காலையில் எதைச் சமைக்கிறது, கீவ் நகரில் மின்சாரம் நின்றுபோகும் நாளில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று எங்களில் மூத்த அம்மா ஒருவர் கேட்டபோது, செய்திகளை விடாமல் படிக்கும் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அத்தகைய கேள்விகளுக்கு விடை தரக்கூடிய நிகழ்ச்சிகளைத்தான் தேடுகிறோம்.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இருக்கிறது. குறித்த நேரத்தில் நேரலையாக வருவதைக் கேட்பதுதான் வானொலி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பாட்காஸ்டாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் வேண்டிய இடத்தில் நிறுத்தி விளக்கம் சொல்லலாமே என்பது மாணவர்களின் வாதம். காதால் கேட்டே ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளும் பழக்கம் பலருக்கு இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு, அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சிற்றலை நேயர், ஈரோடு

வணக்கம். பல்லாண்டுகளாகச் சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி கேட்டு வருபவன், நேயர் மன்றம் ஒன்றில் பொறுப்பு வகித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பன்னாட்டு ஒலிபரப்பு என்றாலே செய்தியறிக்கை என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நேயர்களை ஒரு நிலையத்தோடு பிணைத்து வைத்தவை பெரும்பாலும் செய்திக்குப் பின் வந்த பகுதிகளே. 1963 முதல் பெய்ஜிங்கிலிருந்து தமிழில் ஒலிபரப்பிய சீன வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழைக் கற்று, தமிழ்ப் பெயரும் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள், தங்கள் ஊரின் விழாக்களையும் உணவையும் பற்றிப் பேசிவிட்டு, நம்முடைய கடிதங்களை ஊரும் பேரும் சொல்லி வாசித்தார்கள். தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அந்த நிலையத்துக்கு நேயர் மன்றங்கள் எழுந்ததற்கு அந்தக் கடித நேரமே முதற்காரணம் என்பது என் கருத்து.

நிலையத்துக்கு நாங்கள் எழுதிய வரவேற்பு அறிக்கையைப் பற்றியும் உங்கள் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்ட நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்து, சமிக்ஞையின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஒலி மங்கித் தெளியும் அளவு, மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு அனுப்புவோம். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால், பகலில் நன்றாகக் கேட்கும் அலைவரிசை இரவில் மறைந்துவிடும். இங்கே எப்படிக் கேட்கிறது என்பதை நாம் சொன்னால்தான் அங்கிருக்கும் பொறியாளருக்குத் தெரியும். அதற்கு நன்றியாக வண்ண அட்டை ஒன்று தபாலில் வரும். கேட்பவரும் ஒலிபரப்பில் பங்குள்ளவர் என்ற உணர்வு அதில் இருந்தது.

நேரலையா, பாட்காஸ்டா என்ற கேள்விக்கு வருகிறேன். நேரலையில் இருந்த பெரும் நன்மை, நாம் தேர்ந்தெடுக்காததும் நம் காதில் விழுந்தது என்பதுதான். இரவு 9.15 மணிக்கு பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையைத் திருப்பினால், நமக்கு வேண்டிய செய்தியோடு, நாம் கேட்க நினைத்தே இராத நாட்டைப் பற்றிய ஒரு பெட்டக நிகழ்ச்சியும் வந்துவிடும். 1941 மே மாதம் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் நிறைவு பெற்றது. ஆகவே பெரியவர்கள் விரும்பும் அந்த நேரம் இனித் தமிழில் அதே வடிவில் திரும்பாது. பாட்காஸ்டையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் மட்டும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கட்டும், கேட்கத் தொடங்கும்வரை மற்றவர்களுக்கு அது தெரியாமல் இருக்கட்டும்.

பதில் 2: ஒலித்தொகுப்பாளர், சென்னை

ஈரோடு ஐயாவின் யோசனை மிக நல்லது. நான் நிகழ்ச்சிகளின் ஆக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அன்றாட வாழ்வைச் சொல்வதாகக் கூறும் எல்லா நிகழ்ச்சிகளும் அதைச் சொல்வதில்லை.

பிபிசி வானொலியில் 1955 முதல் வரும் ‘ஃப்ரம் அவர் ஓன் கரெஸ்பாண்டன்ட்’ நிகழ்ச்சியை முதலில் பரிந்துரைப்பேன். ஒரு செய்தியாளர், தான் இருக்கும் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தன் குரலிலேயே வாசிப்பார். அவ்வளவுதான் அதன் வடிவம். பின்னணி இசையோ பேட்டித் துணுக்குகளோ துணைக்கு வராத நிலையில், தலைப்புச் செய்தியில் இடம்பெறாத சோதனைச் சாவடித் தேநீர்க் கடையையும் முடிதிருத்தகத்தில் நடந்த வாக்குவாதத்தையும் எழுத்தின் வலுவால் மட்டுமே அவர் நம் கண்முன் நிறுத்தியாக வேண்டும். ஒரு பகுதி ஐந்து நிமிடம் என்பதால், முடிந்ததும் நிறுத்தி, ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்வதற்கும் வசதியாக இருக்கும்.

1966-இல் பிபிசியின் பன்னாட்டு ஒலிபரப்பான உலக சேவையில் தொடங்கிய ‘அவுட்லுக்’ வேறு வகை. அதில் தனி மனிதர் ஒருவர் தன் வாழ்வை நீண்ட உரையாடலாகச் சொல்கிறார். இத்தகைய பேட்டியைத் தொகுக்கும்போது எங்கள் துறையில் கவனிப்பது ஒன்று உண்டு: “அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருவார்கள், “கதவைத் திறந்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு வேறு விடை தருவார்கள். உங்கள் வட்டத்தில் நிகழ்ச்சியைக் கேட்கும்போது, விடைகளோடு கேள்விகளையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

வரலாற்று நிகழ்வு ஒன்றை அங்கே இருந்தவரின் வாய்மொழியாக, பழைய ஒலிப்பதிவுகளோடு பத்து நிமிடத்துக்குள் சொல்லும் ‘விட்னஸ் ஹிஸ்டரி’யும் உங்கள் நேர அளவுக்குப் பொருந்தும். முறுக்குத் தொழில் செய்யும் பெண்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். உணவின் வணிகத்தையும் அறிவியலையும் பேசும் ‘தி ஃபுட் செயின்’ அவர்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன். விளைபொருள் விலை, கூலி, வாடிக்கையாளரின் சுவை ஆகியவை எந்த நாட்டில் பேசப்பட்டாலும் அவர்களுக்குத் தெரிந்த பொருள்தான். அந்த இடத்தில் மாணவர்களுக்கு அவர்கள்தான் விளக்கம் சொல்வார்கள்.

அன்றாட வாழ்வைப் பற்றிய நிகழ்ச்சிகள் செய்திக்குத் துணைக்கறி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சான்றுகளைச் சொல்வேன். மியான்மரில் வீட்டுக் காவலில் இருந்த ஆங் சான் சூச்சி, உலக சேவையின் செய்திகளோடு, நேயர்கள் விரும்பிக் கேட்ட பாடல்களை ஒலிபரப்பிய நிகழ்ச்சியும் தன் உலகை நிறைவாக்கியது என்று பிற்காலத்தில் சொன்னார். ஆப்கானிஸ்தானிலோ, 1990-களில் பிபிசி பஷ்தூ, தாரி மொழிகளில் தொடங்கிய ‘புதிய வீடு, புதிய வாழ்வு’ என்ற வானொலித் தொடர் நாடகம், கண்ணிவெடியிலிருந்து குழந்தைகளைக் காப்பதையும் தடுப்பூசியின் தேவையையும் ஒரு கிராமத்துக் குடும்பங்களின் கதைக்குள் வைத்துச் சொன்னது. தாலிபான் ஆட்சி தொலைக்காட்சியைத் தடை செய்திருந்த காலத்திலும் மக்கள் அதைக் கேட்டார்கள்.

பதில் 3: யாழ்ப்பாண வாசகர்

மேலே எழுதிய இருவரும் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னார்கள். நான் ஒலி வந்து சேரும் வழியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. போர்க்காலத்தில், வீதி திறந்திருக்கிறதா, எந்த ஊரிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வருகிறது என்பதையெல்லாம் வெளிநாட்டு வானொலியிலிருந்துதான் பல வீடுகள் அறிந்துகொண்டன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலை வழியாகவும் பிபிசியின் தமிழ் நிகழ்ச்சி மறுஒலிபரப்பாகி வந்தது. நிகழ்ச்சிகளில் குறுக்கீடு செய்யப்படுகிறது என்று கூறி பிபிசி 2009 பெப்ரவரியிலும், பின்னர் 2013 மார்ச்சிலும் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. அப்போதும் சிற்றலை வந்துகொண்டிருந்தது. நடுவில் உள்ளவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பண்பலையில் நிகழ்ச்சி நின்றுவிடும்; தொலைதூரத்திலிருந்து நேரே வரும் சிற்றலையை அவ்வளவு எளிதாக நிறுத்த முடியாது.

இது பழங்கதை அன்று. 2022 மார்ச்சில் உக்ரைனில் தொலைத்தொடர்பு கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, பிபிசி அந்நாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தியைச் சிற்றலையில் மீண்டும் ஒலிபரப்பியது. ஆகவே, பாட்காஸ்ட் போதும் என்று மாணவர்கள் சொல்வது மின்சாரமும் இணையமும் தடைபடாத ஊருக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் நூலகத்தில் சிற்றலை எடுக்கும் வானொலிப் பெட்டி ஒன்றையும் வாங்கி வையுங்கள். மாதம் ஒரு முறையாவது, மாலை இருட்டிய பின், கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் எல்லோருமாகத் திருப்பிப் பாருங்கள். இன்றும் பல நாட்டு நிலையங்கள் கேட்கும்.

இன்னொன்று. எந்த நிகழ்ச்சியைக் கேட்டாலும் அதற்குப் பணம் தருபவர் யார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். சீன வானொலி சீன அரசின் நிறுவனம். ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே அந்நாட்டுக் கூட்டரசின் வரிப்பணத்தில் இயங்குகிறது. பிபிசி உலக சேவைக்குப் பிரித்தானியர்களின் உரிமக் கட்டணமும் அரசின் மானியமும் சேர்ந்து வருகின்றன. ஈரோடு ஐயா, நீங்கள் சொன்ன சீன வானொலியை நானும் விரும்பிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் விழாக்களைப் பற்றிக் கேட்ட அளவுக்கு மக்களின் மனக்குறைகளை நான் கேட்டதில்லை. ஒரு நாட்டின் அன்றாட வாழ்வு என்று நமக்குக் காட்டப்படுவதும் ஒருவருடைய தேர்வுதான்.

பதில் 4: ஆங்கில ஆசிரியை, மதுரை

மொழியைப் பற்றிய கவலைக்கு மட்டும் விடை சொல்கிறேன். அமெரிக்காவின் குரல் வானொலி, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் செய்தி சொல்லும் ஆங்கில ஒலிபரப்பை 1959-இலேயே தொடங்கி, நெடுங்காலம் நடத்திவந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணைக்குப் பின் அந்த நிலையத்தின் ஊழியர்கள் ஏறக்குறைய அனைவரும் விடுப்பில் அனுப்பப்பட்டதால், இன்று அதை நம்பித் திட்டமிட இயலாது. அதற்கு அடுத்து நான் வகுப்பில் பயன்படுத்துவது பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. அன்றாட வாழ்வின் ஏதேனும் ஒரு பொருளை இருவர் பேசுவார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வியை வைத்து, கடைசியில் விடை சொல்வார்கள். உரையாடலின் எழுத்து வடிவமும் இணையதளத்தில் கிடைக்கும்.

அந்த எழுத்து வடிவத்தை அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். கையில் தாள் இருந்தால் கண் ஓடிவிடும், காது நின்றுவிடும். முதலில் ஒரு முறை வெறுமனே கேளுங்கள். எந்த ஊர், யார் பேசுகிறார், என்ன நடந்தது என்ற மூன்றையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தாளைக் கொடுத்து இரண்டாம் முறை கேளுங்கள். பெரும்பாலான பாட்காஸ்ட் செயலிகளில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. நூலகத்தில் இணையம் நிதானமில்லாமல் இருந்தால், சனிக்கிழமையே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 5: மெல்பன் நேயர்

தமிழிலேயே கேட்க விரும்புவோருக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ், அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்புகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. செய்திகளோடு, புதிதாகக் குடியேறியவர்கள் வாடகை வீடு தேடுவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரைப் பார்ப்பது போன்றவற்றை விளக்கும் பகுதிகளும் வருகின்றன. அவை பாட்காஸ்டாகவும் கிடைக்கின்றன. ஒரு நாட்டின் சட்டமும் வழக்கமும் ஒரு குடும்பத்தின் நாளுக்குள் எப்படி நுழைகின்றன என்பதை அவற்றில் தெளிவாகக் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்: வாசகர் வட்டம், மணப்பாறை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களை வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். முதல் வாரம் ‘தி ஃபுட் செயின்’ நிகழ்ச்சியில் ஒரு பகுதியும், தமிழில் எஸ்பிஎஸ் நிகழ்ச்சி ஒன்றும் கேட்பதென்றும், அடுத்தடுத்த வாரங்களில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முறை வைத்துக்கொள்வதென்றும் தீர்மானித்திருக்கிறோம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பணம் தருபவர் யார் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று மாணவர்களே சொன்னார்கள். வானொலிப் பெட்டிக்கு நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஈரோடு ஐயா, அதற்கு வான்கம்பியை மாடியில் எந்தத் திசையில், எவ்வளவு நீளத்துக்குக் கட்டலாம் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.

சிற்றலை நேயர், ஈரோடு

மகிழ்ச்சி. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிரே உள்ள கம்பம் வரை, பத்து மீட்டர் அளவில் சாதாரணச் செம்புக் கம்பி போதும். திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் மட்டும் செல்லக் கூடாது. குழல் விளக்குகளையும் கைப்பேசிச் சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், அவற்றிலிருந்து வரும் இரைச்சலே பாதி நிலையங்களை மறைத்துவிடும். இரவு எட்டு மணிக்கு மேல், பெட்டியில் 31 மீட்டர், 41 மீட்டர் என்று குறித்திருக்கும் சிற்றலைப் பகுதிகளில் மெதுவாகத் திருப்புங்கள். கேட்ட நிலையத்துக்கு வரவேற்பு அறிக்கை அனுப்ப மாணவர்கள் விரும்பினால், முதல் அறிக்கையை எழுத நானே மணப்பாறைக்கு வருகிறேன்.