குரோச்சேயின் ‘எஸ்பிரெஸ்ஸியோனே’வுக்குத் தமிழில் என்ன சொல்?

இத்தாலியத் தத்துவ அறிஞர் பெனடெட்டோ குரோச்சேயின் அழகியல் நூலான ‘எஸ்தெடிகா’வை (1902) தமிழாக்கும் வேலை மூன்று வாரமாக முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. அவர் அழகியலின் அச்சாணி ஒரே சமன்பாடு: இன்டுயிஸியோனேயும் (ஆங்கிலத்தில் intuition) எஸ்பிரெஸ்ஸியோனேயும் (expression) ஒன்றுதான். வழக்கமான சொற்களைப் போட்டால் ‘உள்ளுணர்வே வெளிப்பாடு’ என்று வருகிறது. உள், வெளி என்று வாசகர் உடனே இரண்டாகப் பிரித்துவிடுவார். குரோச்சே மறுப்பதே அந்தப் பிரிவைத்தான். மனத்துக்குள் உருப்பெறும்போதே எஸ்பிரெஸ்ஸியோனே முடிந்துவிட்டது. கல்லிலோ தாளிலோ பதிப்பது அதற்குப் பிந்திய, நடைமுறை சார்ந்த வேலை. ‘வெளி’ என்ற சொல் அந்த வேலைக்கே தேவைப்படுகிறது.

போட்டுப் பார்த்தவை: ‘உள்ளுணர்வு’, ஏதோ நடக்கப்போவதாக மனசு சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘காண்டல்’ அளவை (தர்க்க) நூல்களில் மெய்யறிவுக்கான வழி. குரோச்சேயின் இன்டுயிஸியோனேயிலோ மெய், கற்பனை என்ற பேதமே இன்னும் எழவில்லை. இதற்கு ‘அகக்காட்சி’ ஓரளவு நிற்கிறது.

எஸ்பிரெஸ்ஸியோனேதான் சிக்கல். ‘மெய்ப்பாடு’ அழகான சொல், ஆனால் தொல்காப்பியத்தில் அது உடம்பில் தெரிவது. கோபத்தில் முகம் சிவப்பதை அழகியல் சார்ந்ததாக குரோச்சே ஏற்கவே மாட்டார். ‘உருப்பெறல்’ நெருங்கி வருகிறது. ஆனால் ‘கவிஞர் உருப்பெறுகிறார்’ என்று எழுத முடியாதே!

‘வெளி’ கலக்காமல், பெயராகவும் செயப்படுபொருள் ஏற்கும் வினையாகவும் புழங்கக்கூடிய சொல் எது?