நம் கரையில் கண்ட பிறர் வீட்டுத் தந்தையர்

(ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபம்)

தந்தையைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறோம்: உழைத்தார், அதிகம் பேசமாட்டார், பாசத்தை உள்ளேயே வைத்திருந்தார். ஆகவே ஒரு நிபந்தனையுடன் இதைத் தொடங்குகிறேன். உங்கள் தந்தையை இன்றைக்கு விட்டுவிடுங்கள். தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான நம் கடற்கரையில் நீங்கள் நேரில் கண்ட வேறொரு வீட்டுத் தந்தையைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

நானே முதலில் எழுதிவிடுகிறேன். இராமேசுவரம் தீவில் பணியாற்றிய ஆண்டுகளில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய வருகைப் பதிவேடு எனக்குப் புதிராக இருந்தது. செவ்வாயும் வியாழனும் முதல் இரண்டு பாடவேளைகளுக்கு அவன் இருக்கமாட்டான். மற்ற நாள்களில் மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்பான். அங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு கடலுக்குச் சென்று மறுநாள் காலையில் கரை திரும்பும் என்பதை அறிந்தவர்களுக்கு விடை உடனே தெரிந்திருக்கும். வெளியூரிலிருந்து புதிதாகப் போன எனக்குத் தெரியவில்லை. தந்தையை அழைத்து வரச் சொன்னேன்.

அவர் ஒரு வியாழக்கிழமை, படகிலிருந்து இறங்கிய கோலத்திலேயே வந்தார். ஆசிரியர் அறைக்குள் வர மறுத்து, "கவிச்சி அடிக்கும் சார்" என்று பூவரச மரத்தடியிலேயே நின்றுகொண்டார். மகன் மேல் தவறில்லை, தவறு தம்முடையது என்று தொடங்கியவர் பிறகு சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "நான் வீட்டுக்குப் போறப்ப இவன் பள்ளிக்கூடம் வந்துருவான். இவன் வீட்டுக்கு வர்றப்ப நான் அசந்து தூங்கிக்கிட்டிருப்பேன். ஜெட்டியில சங்காயம் பிரிக்கிற நேரந்தான் சார் நாங்க ரெண்டு பேரும் பேசுற நேரம்." (ஜெட்டி என்றால் படகுத்துறை; சங்காயம் என்றால் வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன்.) என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "அவன் பேசுவான். நான் கேட்டுக்கிட்டிருப்பேன்" என்றார்.

அடுத்த வாரம் முதல் மகன் நேரத்துக்கு வந்தான். தந்தை, தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு, காலை இடைவேளைக்குப் பள்ளிச் சுவருக்கு வெளியே வந்து நின்றார். சுவருக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அவருடைய தலை மட்டும். பத்து நிமிடம் அவன் பேசுவான், மணி அடித்ததும் அவர் போய்விடுவார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளெல்லாம் நங்கூரமிட்ட மறுநாள், தேய்த்த வெள்ளைச் சட்டையுடன் அவர் முதன்முறையாகப் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டார். அன்றைக்குக் கவிச்சி இல்லையல்லவா!

(ஆட்டோ ஓட்டுநர், இராமேசுவரம்)

பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்த வீட்டுக்குச் சவாரி வருகிறவர்கள் எல்லோரும் மகனைப் பற்றியே கேட்கிறார்கள். தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக ஒரு மரப்படகு கட்டினார் என்பதையும், மகன் சிறுவனாக அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க உருவான அந்தப் படகைப் பின்னர் ஒரு புயல் கொண்டுபோய்விட்டது என்பதையும் நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முறை, "பார்த்தாயா, அவர் எப்படிப் படித்தார்" என்று வழி நெடுகத் தன் மகனைக் கடிந்துகொண்டே வந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. மகன்தான் அந்தப் படகைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தான். நிபந்தனைக்கு இது பொருந்துமா என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

(முன்னாள் எஸ்.டி.டி. பூத் உரிமையாளர், கீழக்கரை)

1990-களில் எங்கள் ஊரில் பூத் நடத்திய எவருக்கும், சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு சென்றவர்) வீடுகளின் பாதிக் கதை காதில் விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வளைகுடாவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். பையனை அனுப்பி வீட்டாரை அழைத்து வருவேன். ஒருவர் மட்டும் எனக்கு எரிச்சலூட்டினார். சலாம் சொல்வார், மகன் பதில் சொல்வான், அதன்பின் இருபுறமும் ஓசையிராது. இவ்வளவு காசு கொடுத்து மௌனத்தை ஏன் வாங்குகிறார் என்று நினைப்பேன்.

ஒரு நாள் அவர் என்னிடமே பேச வேண்டும் என்றார். "காக்கா, மகனோட காலைத் தாள்ல வச்சுச் சுத்திக் கோடு போட்டு, கடுதாசியோட அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையைக் கிழித்து, அந்தப் பையனை அதன்மேல் நிற்க வைத்து, பேனாவால் கோடு போட்டேன். கூச்சம் தாங்காமல் அவன் சிரித்ததில் சுண்டுவிரல் கோணலாக வந்துவிட்டது. அதன்பின் இரண்டு பெருநாளுக்கும் ஒவ்வொரு தாள் போயிற்று.

மூன்றாம் ஆண்டு அவர் ஊர் வந்தபோது, அந்தத் தாள்களை எல்லாம் என் மேசையில் விரித்துக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குதிகாலைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நூலால் அளந்திருக்கிறார். கடைசித் தாளின் அளவுக்கு அவர் ஷூ வாங்கவில்லை. தாம் ஊர் வந்து சேரும் நாளில் கால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கி வந்திருந்தார்! கணக்கு அரை விரல் தவறிவிட்டது. முனையில் பஞ்சு அடைக்க வேண்டியிருந்தது. தான் கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுப்போன வாப்பாவை அந்தப் பையனுக்குக் குரலாக மட்டுமே தெரியும். இரண்டு நாள் உம்மாவின் பின்னாலேயே ஒளிந்து திரிந்தான். ஷூவை மட்டும் கழற்ற மறுத்துவிட்டான்.

இப்போது வீடியோவில் தினமும் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வீடியோவில் கால் தெரிவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

(செவிலியர், சாயல்குடி வட்டாரம்)

நான் எழுதப்போவது ஒரு சடையைப் பற்றி. ஒரு பதநீர்ப் பருவத்தில், கல்லில் விழுந்து பின்மண்டையில் அடிபட்ட எட்டு வயதுச் சிறுமியைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். தையல் போடுவதற்குச் சடையை அவிழ்க்க வேண்டும். எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. ரிப்பன் இல்லை, முடிச்சும் இல்லை. நான்கு பிரிகளாகப் பின்னி, நுனியை உள்ளேயே செருகி மறைத்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்தபோது, அதுவரை அழாத அந்தப் பிள்ளை அழுதது. "அப்பா வரட்டும்" என்றது.

தோளில், மரமேறக் காலில் மாட்டும் தளைநாருடன் மரத்திலிருந்து இறங்கி ஓடி வந்த அந்தப் பனையேறி, கதவருகே நின்று முதலில் தேங்காய் எண்ணெய் கேட்டார். காயத்துக்கா என்றேன். இல்லை, தம் கைகளுக்கு. மரத்தில் உரசியும் சுண்ணாம்பு பட்டும் வெடித்திருந்த அந்த உள்ளங்கைகளில் முடி சிக்கிக்கொள்ளுமாம். அதனால் தினமும் காலையில் மகளின் தலைக்கு முன்னால் தம் கைக்குத்தான் எண்ணெய் தடவுவாராம். எண்ணெய் தேய்த்த விரல்கள் மறைந்திருந்த நுனியைத் தேடி இழுத்தன. முழுச் சடையும் ஒரே வீச்சில் பிரிந்துவிட்டது.

தாய் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. "எனக்கு ஓலை முடையத்தான் தெரியும். பெட்டி முடையிற மாதிரியே முடிஞ்சு விட்டேன்" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போல. நான்கு தையல் போட்டு முடித்ததும், தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு மறுநாள் பின்னலாமா என்று மட்டும் கேட்டார். பிற்பாடு அந்தப் பின்னலை அவரிடமே கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு அதைப் பின்னிவிட்டால் மாலை வரை கலைவதில்லை.

(மளிகைக் கடை நடத்துபவர், பாம்பன்)

ஆசிரியரின் நிபந்தனை எனக்கு வசதியாகப் போயிற்று. ஏனென்றால் என் தந்தையைப் பாராட்ட எனக்கு மனம் வராது. குடித்தார், அடித்தார், ஒரு நாள் போய்விட்டார். தந்தையர் அனைவரும் தெய்வம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, பகையும் இல்லை.

என் தாய் கடலில் பாசி எடுத்துத்தான் எங்களை வளர்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அதே தொழில். அவர் கணவர் சங்கு குளித்தவர். செவிப்பறை கெட்டு, மூழ்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் கரையிலேயே தங்கிவிட்டவர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று பெண்கள் தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பிறகு, அந்த நாள்கள் எல்லாம் எங்கள் இரு வீட்டுக்கும் அவர்தான் அடுப்பு. விடியுமுன் பழைய வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பார். பாறையில் விரல் கிழியாமல் இருக்கப் பெண்கள் சுற்றிக்கொள்ளும் துணி அது. பெரியம்மாவின் பத்து விரல்களுக்கும் அவரே சுற்றுவார். என் தாயின் விரல்களுக்கு நான் சுற்ற வேண்டும்; அவர் தள்ளி நின்று, "முடிச்சு நகத்துப் பக்கம் இருக்கணும் தாயி, உள்பக்கம் போட்டா அவிழ்ந்துரும்" என்பார். பிறகு அவர் பிள்ளைகள் மூவரையும், என்னையும் என் தம்பியையும் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றுவார்.

பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று தெருவில் பேசினார்கள். காது மந்தமானது ஒரு வகையில் வசதிதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சென்ற மாதம் பார்த்துவிட்டு வந்தேன். பெரியம்மா இன்னும் பாசிக்குப் போகிறார். மகன் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பாசி எது, பாறை எது என்று விரலுக்குத் தெரியவில்லை என்று கழற்றி எறிந்துவிட்டாராம். பெரியப்பா, மகனுக்கு எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது திண்ணையில் உட்கார்ந்து ஒரு வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார். அது அவ்வளவு பழைய வேட்டி அல்ல.