சிதம்பரத்திலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாவே கார்ல, அஞ்சு நாள்: வழி சொல்லுங்க

நொய்யல்கரை (கேள்வி):

வணக்கங்க. கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். பொங்கல் கூட்டம் ஓஞ்சதும், ஜனவரி கடைசி வாரத்துல அஞ்சு நாள் லீவு கிடைக்குது. நான், வீட்டுக்காரம்மா, நாலாவது படிக்கற பொண்ணு, 68 வயசு அம்மா. வண்டி 11 வருசத்துப் பழைய வேகன்ஆர்.

ரிசார்ட், நீச்சல் குளம் எதுவும் வேண்டாமுங்க. கடலோரக் கிராமம், பறவை, அலையாத்திக் காடு, சின்ன ஊர் டீக்கடை, இதுதான் வேணும். எங்கம்மா இதுவரைக்கும் கடலைப் பார்த்ததே ரெண்டு தடவை. ரெண்டும் கன்னியாகுமரி, ரெண்டும் டூர் பஸ். "பஸ்ஸை விட்டு இறங்குனோம், காலை நனைச்சோம், ஏறிட்டோம்"னு இன்னைக்கும் சொல்லிட்டே இருப்பாங்க.

நான் போட்ட கணக்கு இது. முதல் நாள் சிதம்பரம், பிச்சாவரம். ரெண்டாவது நாள் பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம். மூணாவது நாள் கோடியக்கரை, முத்துப்பேட்டை, மனோரா, தொண்டி, ராமேஸ்வரம். நாலாவது நாள் தனுஷ்கோடி, தூத்துக்குடி. அஞ்சாவது நாள் கன்னியாகுமரி பார்த்துட்டு வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலயே போனா கடலைப் பார்த்துட்டே போலாம்னு நினைக்கறேன். சரியா வருமாங்க?

பழைய_ரெப்:

வராது சார்.

கோவிச்சுக்காதீங்க. நாகப்பட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவுல 11 வருஷம் மருந்துக் கம்பெனி ரெப்பா பைக்ல அலைஞ்சவன் நான். அந்த ரோட்டுல எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்ங்கறதும் எந்த டீக்கடையில பால் தண்ணியா இருக்கும்ங்கறதும் எனக்கு மனப்பாடம். அந்த உரிமையிலதான் சொல்றேன்.

முதல்ல ஒரு பிரமையை உடைச்சிடறேன். பாண்டிச்சேரிக்குத் தெற்கே அந்த ரோட்டுல கடல் தெரியாது. வயல், தென்னந்தோப்பு, கருவக்காடு, இறால் பண்ணை, மறுபடி வயல், இவ்வளவுதான். கடல் ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இடப்பக்கம் எங்கேயோ கிடக்கும். இடது கைப்பக்கம் ஒரு சின்ன ரோடு, முனையில மாதா கெபியோ பள்ளிவாசல் வளைவோ ஐயனார் சிலையோ இருந்தா, அதுல திரும்பிப் போகணும். முடிவுல பத்துப் படகு, வலை காயுற மணல், ஒரு ஏலக்கூடம் இருக்கும். நீங்க கேட்கற ஊர் அதுதான். ஒரு நாளைக்கு ஆறு ஊர்னு கணக்குப் போட்டா ஒரு தடவைகூடத் திரும்ப நேரம் இருக்காது.

அதனால தூத்துக்குடி, கன்னியாகுமரி ரெண்டையும் அடிச்சிடுங்க. தனுஷ்கோடியைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

முதல் நாள் கோவையிலிருந்து சிதம்பரம் வர்றதுக்கே சாயங்காலம் ஆயிடும். அன்னிக்குக் கோயிலோட நிறுத்திக்குங்க. மறுநாள் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள பிச்சாவரம். மோட்டார் படகு கேட்காதீங்க, துடுப்புப் படகு கேளுங்க. குறுகலான வாய்க்காலுக்குள்ள துடுப்புப் படகுதான் நுழையும், சத்தமும் இல்லை. பாப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, கிளையை ஒடிக்கக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே அங்கே நிக்கிற தில்லை மரத்தாலதான். அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

அங்கிருந்து நேரா தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க 1620-ல கட்டின கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல வந்து இறங்கின ஊர், 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சான ஊர். இதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கும். நான் சொல்ல வர்றது கோட்டைக்குப் பக்கத்துல கடல் பாதி தின்னுட்ட மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல கட்டினது. சாயங்காலம் அந்தக் கோயில் பக்கம் உக்காந்தா மீன்காரப் பிள்ளைங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பாங்க, பந்து கடலுக்குள்ள போனா அவுட். அங்கே ஒரு மணி நேரமாவது சும்மா உக்காருங்க. ராத்திரி நாகூர்ல இறால் வாடா வாங்கிச் சாப்பிடுங்க. அரிசிமாவு வடை, நடுவுல வெங்காயமும் இறாலும். சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடணும், ஆறினா செருப்புத்தோல்தான். தங்கறதுக்கு வேளாங்கண்ணியில ரூம் நிறைய இருக்கு, சனி ஞாயிறு மட்டும் வேண்டாம்.

மூணாவது நாள் முழுக்க வேதாரண்யம், கோடியக்கரை. வேற எதையும் அதுல சேர்க்காதீங்க. அகஸ்தியம்பள்ளியில உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கு, 1930 ஏப்ரல் 30 அன்னிக்கு ராஜாஜி உப்பு அள்ளினது அங்கேதான். ஜனவரியில உப்பளத்துல வெள்ளை மலை எதிர்பார்க்காதீங்க. மழைத்தண்ணி வடிஞ்சு அப்போதான் பாத்தி மிதிச்சுச் சரிபண்ணிக்கிட்டு இருப்பாங்க. போன வருஷத்து உப்பைக் கீத்துப் போட்டு மூடி வெச்சிருப்பாங்க, தூரத்துல பார்த்தா குடிசை வரிசை மாதிரி இருக்கும். நானே முதல் தடவை அதை ஒரு காலனின்னு நினைச்சேன்.

கோடியக்கரைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க. வெளிமான் புல்வெளிக்கு வர்ற நேரம் அதுதான். பெரிய ஆண் மான் முதுகு கருப்பா, கொம்பு முறுக்குப் பிழிஞ்ச மாதிரி இருக்கும். மட்டக்குதிரைங்களும் திரியும். காட்டு ஜாதி இல்ல அதுங்க, எப்பவோ மனுஷங்க விட்டுட்டுப் போனது பெருகினது. பூநாரை பார்க்கணும்னா உப்பளத்தை ஒட்டின சதுப்புப் பக்கம், பைனாகுலர் இல்லாம ரோஸ் கலர் கோடுதான் தெரியும். ராமர் பாதம்னு ஒரு மேடு இருக்கு. அந்தப் பகுதியிலேயே உயரம் அதுதான், ஆனா உங்க ஊர் வேகத்தடையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே.

கடற்கரைக்குப் போனா ஓலைக் கொட்டாய் வரிசையா இருக்கும். மழைக்காலத்துல ஆரம்பிச்சு சில மாசம் மீனுக்காக வேற ஊர் மீனவங்க அங்கே வந்து தங்கித் தொழில் பார்ப்பாங்க. சீசன் முடிஞ்சா அந்த ஊரே இருக்காது. கேமராவைத் தூக்கிட்டு நேரா வீட்டுக்குள்ள நுழையாதீங்க. படகு வர்ற நேரமா பார்த்து நின்னு "என்ன மீன்ணே?"ன்னு கேளுங்க, போதும்.

முக்கியம்: மேப்ல வெறும் கோடியக்கரைன்னு போடாதீங்க. மணமேல்குடி பக்கமும் ஒரு கோடியக்கரை இருக்கு. எங்க கம்பெனி மேனேஜர் ஒருத்தர் அங்கே போய் நின்னுக்கிட்டு "மான் எங்கய்யா?"ன்னு எனக்கு போன் போட்டார்.

நாலாவது நாள் முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குப் படகு ஜாம்புவானோடை பக்கத்திலிருந்து போகும். வனத்துறை அனுமதி வேணும், முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுடுங்க. பிச்சாவரம் மாதிரி வாய்க்கால் சந்து இல்ல, ஆத்து வழியா போய் பெரிய காயல்ல திறக்கும். நேரம் பிடிக்கும், நிழல் கிடையாது, அம்மாவுக்குக் குடை எடுத்துக்குங்க. அப்புறம் அதிராம்பட்டினம் வழியா மனோரா. சரபோஜி மன்னர் கட்டின எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியனை வெள்ளைக்காரன் ஜெயிச்சதுக்கு மல்லிப்பட்டினத்துப் பக்கம் ஞாபகச் சின்னம்! வரலாறு எப்படியோ போகட்டும், அங்கே கடல்ல அலையே இருக்காது. பாக் ஜலசந்தி, ஆழம் கம்மி, அடியில கடல்புல். அந்தப் புல்லைத் தின்னத்தான் கடல்பசு வருது. மீனவங்க ஆவுளியான்னு சொல்வாங்க. 2022-ல அந்தக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. நீங்க பார்க்கறதுக்கு வாய்ப்பு இல்ல, 11 வருஷத்துல நானே பார்த்ததில்ல.

தனுஷ்கோடிக்கு ஆறாவது நாள் வேணும். இல்லன்னா மனோராவோட திரும்பி பட்டுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி வழியா வீடு போங்க.

கடைசியா ஒண்ணு. தை மாசம் டெல்டாவுல சம்பா அறுப்பு. ரோட்டுல பாதி நெல் காயும், மீதியில வைக்கோல் கிடக்கும். ராத்திரி ஓட்டாதீங்க. வைக்கோல் மேல ஏத்திட்டா இறங்கி அடியில குனிஞ்சு பாருங்க. சுத்திக்கிட்டா சைலன்சர் சூட்டுல தீப்பிடிக்கும்.

காவேரிப்பூம்பட்டினத்தான்:

பூம்புகாரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாம தாண்டிட்டீங்களே ரெப் சார்! காவிரி கடல்ல சேருற இடம் அது.

பழைய_ரெப்:

காவிரி கடல்ல சேருற இடம்தான். தண்ணி இருந்தா. தை மாசம் போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

மூணு_பிள்ளை_தாய்:

ஆம்பளைங்க யாரும் சொல்லாததை நான் சொல்றேன். 68 வயசு அம்மா, சின்னப் பொண்ணு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறீங்க. கழிப்பறையைக் கணக்குல எடுத்துக்கிட்டுப் பயணத்தைப் போடுங்க. வேளாங்கண்ணி வரைக்கும் கவலை இல்ல. வேதாரண்யம் தாண்டினா பெட்ரோல் பங்க்தான் கதி, பெட்ரோல் போடாட்டியும் கேளுங்க, நான் கேட்டு யாரும் இல்லன்னு சொன்னதில்ல. கோடியக்கரைக்குள்ள நல்ல சாப்பாட்டுக் கடை கிடையாது, வேதாரண்யத்துலேயே கட்டிக்கிட்டுப் போங்க. கொசுவுக்கு ஏதாவது தடவிக்கணும். போன வருஷம் நாங்க தடவாம போய் என் கடைசிப் பையன் முகம் பணியாரக்கல் மாதிரி ஆயிடுச்சு.

ரெப் அண்ணன் சொன்ன "ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க"க்கு ஒரு பாய் எடுத்துட்டுப் போங்க. பெரியவங்களால மணல்ல உக்காந்து எழ முடியாது. மடக்கு நாற்காலி இருந்தா இன்னும் நல்லது.

தங்கச்சிமடம்:

அண்ணே, தனுஷ்கோடியை இவ்வளவு சுலபமா வெட்டி விடுறீங்களே. ஆறு நாளாக்கிட்டு வாங்க.

வர்றதுக்கு முன்னாடி தை அமாவாசை என்னைக்குன்னு காலண்டர் பாருங்க. அன்னைக்கு ராமேஸ்வரத்துல மட்டுமில்ல, தேவிபட்டினம், சேதுக்கரையிலயும் வண்டி நகராது. அரிச்சல்முனை வரைக்கும் 2017-லருந்து தார் ரோடு இருக்கு. சாயங்காலம் ஆனா போலீஸ் திருப்பி விட்டுருவாக, அதனால காலையில முதல் ஆளா போங்க. வடக்கே இருக்கிறதைப் பெண் கடல்னு சொல்வோம், குளம் மாதிரிக் கிடக்கும். தெக்கே இருக்கிறது ஆண் கடல். அதுல பிள்ளையை இறக்கி விட்றாதீக, இழுத்துரும். 1964 டிசம்பர் புயல்ல போன சர்ச்சையும் ஸ்டேஷனையும் எல்லாரும் போட்டோ எடுக்கிறாக, இன்னும் அங்கேயே ஓலைக்குடிசை போட்டு இருக்கிற சனத்தை யாரும் பார்க்கிறதில்ல. அவுக மணலைக் கையால தோண்டி நல்ல தண்ணி எடுப்பாக, கடலுக்கு நாலு எட்டுலேயே. கேட்டா காட்டுவாக. அவுககிட்ட வறுத்த மீனு வாங்கித் தின்னுட்டுப் போங்க.

வர்ற வழியில பனங்கிழங்குக் கட்டு விப்பாக, தை மாசம்தான் அது.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆறாவது நாள் லீவு கேட்டேன், மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் நானே வாபஸ் வாங்கிட்டேன். மனோராவோட நிறுத்திக்கறோம். தங்கச்சிமடம் அண்ணா மன்னிக்கணும். பாய், குடை, கொசு மருந்து எடுத்து வெச்சாச்சு.

நொய்யல்கரை (மூணு வாரம் கழிச்சு):

போயிட்டு வந்துட்டோமுங்க. எல்லாம் ரெப் சார் சொன்ன மாதிரியே நடந்துதுன்னு சொல்ல முடியாது. முத்துப்பேட்டையில படகு கிடைக்கலை. நான் முந்தின நாள் போன் பண்ண மறந்துட்டேன், தப்பு என்னோடது. பூநாரை ரோஸ் கோடாத்தான் தெரிஞ்சுது, பொண்ணு அதையே ட்ராயிங் நோட்டுல கோடாவே போட்டு வெச்சிருக்கா. மான் 23 எண்ணினோம்ங்கறா அவ, நான் 19-ன்னு சொல்றேன்.

படகு இல்லாததால மனோராவுக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்துட்டோம். போற வழியில ரெண்டு தடவை இடப்பக்கம் திரும்பினோம். ஒண்ணு இறால் பண்ணைக் கேட்டுல போய் முடிஞ்சுது. இன்னொண்ணுல ஒரு ஏலம். மீன் பேரைக் கேட்டதுக்கு ஒரு அக்கா எல்லாத்தையும் பொண்ணுக்குத் தொட்டுக் காட்டினாங்க, போட்டோ வேண்டாம்னுட்டாங்க.

மனோராவுல அம்மா தண்ணியைப் பார்த்துட்டு "இது ஏரியா கடலா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் சேலையைச் சொருகிக்கிட்டு உள்ள நடந்தாங்க, நடந்தாங்க, முழங்கால் தண்ணியே முடியலை. மடக்கு நாற்காலியைத் தண்ணிக்குள்ள போடச் சொல்லி ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டாங்க. சாப்பிடக் கூப்பிட்டதுக்கு "பஸ் போயிருமா?"ன்னாங்க.

இப்ப ஒரு புதுச் சந்தேகம். அந்த ஏலத்துப் பக்கத்துல கருவாடு ரெண்டு கிலோ வாங்கினோம், பேப்பர்ல சுத்தி டிக்கியில வெச்சோம். கருவாடு தீர்ந்து போச்சு, வண்டி இன்னும் நாறுது. எலுமிச்சம்பழம் வெச்சாச்சு, காப்பித்தூள் வெச்சாச்சு. என்னதான் பண்றதுங்க?

பழைய_ரெப்:

டிக்கி மேட்டைக் கழட்டி மூணு நாள் நல்ல வெயில்ல போடுங்க. ஸ்டெப்னி வைக்கிற குழியில கருவாட்டுத் தண்ணி இறங்கியிருக்கும், அதையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அடுத்த தடவை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு எடுத்துட்டுப் போங்க. என் பைக் சைடு பெட்டி நாலு வருஷம் நாறுச்சு, டாக்டருங்க நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுவாங்க.

மூணு_பிள்ளை_தாய்:

என்ன கருவாடு வாங்கினீங்கன்னு சொல்லவே இல்லையே?

நொய்யல்கரை:

நெத்திலி ஒரு கிலோ, திருக்கை ஒரு கிலோங்க.

மூணு_பிள்ளை_தாய்:

திருக்கையா! சரி, மேட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க.