மங்கனீசு முப்புளோரைட்டின் கட்டமைப்பு: விளக்கம் தேவை

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். மங்கனீசு இருபுளோரைட்டை ஏறத்தாழ 250 பாகை செல்சியசில் புளோரீன் வாயுவுடன் தாக்கமுறச் செய்து முப்புளோரைட்டைப் பெறலாம் என்பதை, பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒருபோதும் முயலக்கூடாது என்ற எச்சரிக்கையோடு, எளிதாகவே விளக்கிவிடுகிறேன்.

கட்டமைப்பில்தான் மாணவர்களின் கேள்வி நிற்கிறது. ஒவ்வொரு மங்கனீசு அயனையும் ஆறு புளோரைட்டு அயன்கள் எண்முகியாக (மேலும் கீழும் நான்கு பக்கங்களிலுமாக) சூழ்ந்திருக்க, மங்கனீசு அயனின் டி உபசக்தி மட்டத்திலுள்ள நான்கு இலத்திரன்கள் காரணமாக ஏற்படும் யான்–தெல்லர் திரிபினால் (இலத்திரன்களின் சமச்சீரற்ற பரம்பலால் எண்முகி வடிவம் உருக்குலைவதால்) எதிரெதிரான இரு பிணைப்புகள் நீளும் என்று கற்பிக்கிறோம்; ஆனால் அளக்கப்பட்ட நீளங்களோ 179, 191, 209 பிக்கோமீற்றர் என மூன்று சோடிகளாக அமைந்துள்ளன. எஞ்சிய நான்கும் ஏன் சமமாக இல்லை? புளோரைட்டுகள் அயல் மங்கனீசு அயன்களை இணைக்கும் பாலங்களாக இருப்பதே காரணம் என்று கருதுகிறேன். இதைச் சரிபார்த்துச் சொல்லக்கூடியவர்களும், பளிங்கமைப்பின் தெளிவான வரைபடம் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து உதவுங்கள். மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் அனுப்பிவைப்பேன்.