பிரிஸ்பேனில் அப்பா அம்மாவுக்கு எந்தப் பூங்கா, எந்த ஜூ?

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி பிரிஸ்பேனில் வேலையில் இருக்கிறான். மாங்காய் சீசன் முடிந்ததும், ஜூலை கடைசியில், அப்பா அம்மாவை 2 வாரம் அங்கே அனுப்பலாம் என்றிருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு, ஆனாலும் தினமும் தோப்பைச் சுற்றி வராமல் இருக்க மாட்டார். லோன் பைன் கோலா சரணாலயம், ஆஸ்திரேலியா ஜூ இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறான் தம்பி. முடியுமா? அம்மாவுக்குக் கோலாவை, அதான் குட்டிக் கரடி மாதிரி மரத்தில் இருக்குமே, அதைத் தூக்கி வைத்து ஒரு போட்டோ எடுக்க ஆசை. ஜூலையில் அங்கே குளிர்காலமாமே, குளிர் எப்படி இருக்கும்?

பர்கூர் மருமகள்:
ஒரே நாளில் இரண்டா, வேண்டவே வேண்டாம் அண்ணா. லோன் பைன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஆஸ்திரேலியா ஜூ வடக்கே பீர்வா பக்கம், காரில் போகவே ஒரு மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு லோன் பைன் ஒன்றே போதும். 1927-இல் தொடங்கிய இடம், கங்காருக்கள் திறந்தவெளியில் படுத்திருக்கும், பக்கத்தில் போய்க் கையாலேயே தீனி கொடுக்கலாம், என் மாமியார் அங்கிருந்து நகரவே இல்லை. கோலாவைத் தூக்க மட்டும் முடியாது, 2024-இல் நிறுத்திவிட்டார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். அதுவும் பாதி நாளுக்கு மேல் தூங்குகிற பிராணி, அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர் நம் ஓசூர் மார்கழி மாதிரிதான், காலையில் 10 டிகிரி, மதியம் 22. ஆனால் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

பாலக்கோடு நர்சரி:
தோப்புக்காரரை ஜூவுக்கே இழுக்கிறீர்களே! என் அப்பா ஜூவில் கொட்டாவி விட்டார், மவுண்ட் கூத்தா தாவரவியல் பூங்காவில்தான் உயிர் வந்தது. 56 ஹெக்டேர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 140 ஏக்கர், அனுமதி இலவசம். 1988 உலகக் கண்காட்சிக்குப் போட்ட ஜப்பான் தோட்டம் இப்போது அங்கேதான் இருக்கிறது. மேடு பள்ளம் உண்டு, முட்டி வலிக்காரரை முழுக்கச் சுற்ற வைக்காதீர்கள். ஆற்றங்கரையில் இருக்கும் சிட்டி பொட்டானிக் கார்டன்ஸ் சமதளம். அங்கே வால்டர் ஹில் என்பவர் 1858-இல் நட்டதாகச் சொல்லப்படும் மக்கடேமியா என்கிற கொட்டைப் பருப்பு மரம் இருக்கிறது, அதைக் கட்டாயம் காட்டுங்கள், அப்பா இலையைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் தம்பி பொறுப்பு. 2024 ஆகஸ்டிலிருந்து பஸ், படகு எதில் ஏறினாலும் 50 சென்ட்தான், ஆற்றுப் படகிலேயே ஒரு சுற்று கூட்டிப் போகச் சொல்லுங்கள், ஒகேனக்கல் பரிசல் அளவுக்கு இல்லை, ஆனால் நனையாமல் வரலாம்.

பர்கூர் மருமகள்:
ஒன்று விட்டுப் போச்சு. விமானத்தில் தரும் கார்டில் கடந்த 30 நாளில் விவசாய நிலத்துக்குப் போனீர்களா என்று ஒரு கேள்வி வரும். தோப்பு வைத்திருப்பவர் ஆமாம் என்றே போடட்டும், மறைத்தால்தான் வம்பு. செருப்பு, ஷூ அடியில் செம்மண் துளிகூட இல்லாமல் கழுவிக் காயவைத்துக் கொண்டு போகச் சொல்லுங்கள். ஊறுகாய், பொடி எது கொண்டு போனாலும் எழுதிவிட வேண்டும். மாம்பழம் கூடவே கூடாது.

காவேரிப்பட்டணத்தான்:
அய்யோ, தம்பிக்கென்று நாலு அல்போன்சா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. அதை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலியா ஜூ வேண்டாம், கூத்தாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டேன்.